நாற்பத்தொரு விநாடிக் குடியிருப்பு

மனித குல வரலாற்றில், ஒரே கட்டடத்தில் வாழும் பதினான்கு குடும்பங்கள் பதினான்கு வீட்டிலிருந்தும் ஒரே நொடியில் ‘கோல்’ என்று கத்தியது எங்கள் குடியிருப்பில்தான் முதன்முறை என்று உறுதியாக நம்புகிறேன். வேறெங்காவது முன்பே நடந்திருக்கலாம். ஆனால் அங்கே குறிப்பேடு இருந்திருக்காது. எங்களிடம் இருக்கிறது. எழுதியவன் நான்.

என் தகுதியைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வேண்டாம். பேருந்துக் கழகத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கால அட்டவணை தயாரிக்கிறேன். எந்த வண்டி எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதை நிமிட சுத்தமாக நிர்ணயிக்கிறவன். அவை வருகின்றனவா என்பது வேறு துறை.

எல்லாம் கால்பந்து அரையிறுதியில் ஆரம்பித்தது. ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் காட்டும் உரிமையை யாரோ வாங்கி, யாருக்கும் காட்டாமல் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். அதனால் எங்கள் கட்டடத்தில் எல்லோரும் வர்ணனையைத்தான் கேட்டோம். பழைய ரேடியோவில் அல்ல. நாங்கள் முன்னேறியவர்கள். இணையத்தில் வரும் வர்ணனையை வைஃபை ஸ்பீக்கரில், அவரவர் வீட்டில், அவரவர் கதவைச் சாத்திக்கொண்டு.

எனக்கு நேர் மேலே, மூன்றாம் மாடியில், என் மச்சான் குடியிருக்கிறார். மனைவியின் அண்ணன். எழுபதாவது நிமிடத்தில் என் ஸ்பீக்கரில் வர்ணனையாளர், “பந்தை வாங்குகிறார், திரும்புகிறார்” என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, என் கூரை அதிர்ந்தது. “கோல்” என்று மச்சான் கத்தியிருந்தார். அந்தக் கோல் எனக்கு வந்து சேர இன்னும் ஒன்பது விநாடி ஆயிற்று. அந்த ஒன்பது விநாடியும் கதையின் முடிவு தெரிந்தவன் கதை கேட்பதுபோல உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது கோலுக்கும் அதே கதி.

மாடி ஏறிப் போய் மணியடித்தேன். கொஞ்சம் தாமதமாகக் கத்தும்படி முறையாகக் கேட்டுக்கொண்டேன்.

“சந்தோஷம் வர்றப்பதான் மாப்ள கத்த முடியும்,” என்றார் மச்சான். “உங்ககிட்ட நேரம் கேட்டுட்டா கத்துவாங்க?”

பதிலுக்கு அவருடைய வளர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேன். என் மனைவியும் அதே வீட்டில்தான் வளர்ந்தாள் என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. அன்றிலிருந்து மச்சான் என்னோடு பேசவில்லை. மனைவி முதலில் என்னோடு பேசுவதை நிறுத்தினாள். பிறகு பாரபட்சம் கூடாதென்று அண்ணனோடும் நிறுத்தினாள். இறுதி ஆட்டத்துக்குப் பதினோரு நாள் இருந்தது.

இதற்குத் தீர்வு மன்னிப்புக் கேட்பது என்று சாதாரண மனிதன் நினைத்திருப்பான். நான் ‘உபகுழு’ அமைத்தேன்.

முதல் கூட்டத்துக்கு இணைய இணைப்புக்காரரை வரவழைத்தோம். அவர் விஷயத்தை எளிதாகவே சொன்னார். வர்ணனை ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு ஸ்பீக்கரும் அதைக் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டுதான் பேச ஆரம்பிக்கும். சில கருவி இரண்டு வாய் சேர்க்கும், சில கருவி அண்டா நிறையச் சேர்க்கும். எல்லாம் ஒன்றாகப் பேச வேண்டுமானால் ஒரே வழிதான்: எல்லாவற்றையும் ஒரு செயலியில் கோத்து, இருப்பதிலேயே மந்தமான கருவிக்காக மற்றவை காத்திருக்க வேண்டும்.

எது மந்தமானது என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு முதல் மாடிப் பாட்டு டீச்சரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருக்குக் காது கூர்மை. வீடு வீடாகப் போய், கண்ணை மூடி, தொடையில் தாளம் போட்டுக் கேட்டார். கடைசியாக என் வீட்டுக்கு வந்தார். வெகு நேரம் தாளம் போட்டார்.

“சார், இது வேற பாட்டு பாடுதோன்னு நினைச்சேன். அதே பாட்டுதான். ரொம்பப் பின்னாடி வருது.”

ஆக, இருப்பதிலேயே மந்தமான கருவி என்னுடையது. ஒன்பது வருடத்துக்கு முன் ஏதோ மிக்ஸி வாங்கியபோது இலவசமாகக் கொடுத்தது. புதிதாக ஒன்று வாங்கிவிடலாமே என்று இணைப்புக்காரர் சொன்னார். பதின்மூன்று வீட்டுக்காக ஒரு வீடு விட்டுக்கொடுப்பதா, அல்லது ஒரு வீட்டுக்காகப் பதின்மூன்று வீடு விட்டுக்கொடுப்பதா என்ற கேள்வி எழுந்தது. தலைவர் என்ற முறையில் பின்னதே கூட்டு வாழ்க்கைக்கு உகந்தது என்று தீர்ப்பளித்தேன். குறிப்பேட்டில், ‘மூத்த கருவிக்கு உரிய மரியாதை அளிக்கப்பட்டது’ என்று எழுதினேன். பாதுகாப்புக்கு இன்னும் கொஞ்சம் இடைவெளி சேர்த்ததில் மொத்தம் நாற்பத்தொரு விநாடி வந்தது. மைதானத்தில் எது நடந்தாலும், நாற்பத்தொரு விநாடி கழித்து, பதினான்கு வீட்டிலும் ஒரே மூச்சில் நடக்கும். தெருவில் யாராவது முந்திக்கொண்டு கத்துவது காதில் விழாதபடி ஜன்னல்களை அடைக்கவும் தீர்மானம் போட்டோம். மச்சான் எதிர்ப்புத் தெரிவித்துக் கையெழுத்திட்டார். என் பேனாவை வாங்காமல் சொந்தப் பேனாவில்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு இடையூறு. வாசலில் காவல் பார்க்கும் அக்கா.

அக்கா தன் கூண்டில் ஒரு சின்ன பேட்டரி ரேடியோ வைத்திருந்தார். அதில் வர்ணனை நேராக வந்துவிடும். எங்கள் பக்கம் இன்னும் பந்தே வந்திராதபோது, அக்கா கோல் போட்ட சந்தோஷத்தில் இருப்பார். படிக்கட்டில் இறங்குகிற யாரும் அவர் முகத்தைப் பார்த்தால் போதும், திட்டம் பாழ். அவர் கோல்கீப்பர் கட்சி. “அவரும் நம்ம வேலைதான் சார் பாக்குறாரு. நின்ன எடத்துல நிக்கணும், ஒருத்தன் உள்ள வந்துட்டா அத்தனை பேரும் நம்மளத்தான் கேப்பாங்க,” என்பார்.

ரேடியோவைப் பிடுங்குவது மனிதாபிமானமல்ல. ஆகவே ஒரு ‘நடத்தை விதி’ தயாரித்து, பதினான்கு வீட்டார் கையெழுத்தோடு அவரிடம் கொடுத்தேன். ஆட்டத்தின் எந்த முடிவையும் நாற்பத்தொரு விநாடிக்கு முன் வாயாலோ முகத்தாலோ வெளியிடலாகாது. அக்கா இரண்டு முறை படித்தார்.

“சிரிப்பு வந்தா என்ன சார் பண்றது?”

“நாற்பத்தொரு செகண்ட் கழிச்சு தாராளமா சிரிக்கலாம்.”

“கோல் விழுந்துட்டா நெஞ்சு பதறுமே?”

“பதறட்டும்க்கா. வெளியில தெரியாமப் பதறட்டும்.”

அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இறுதி ஆட்டம் ஞாயிறு பிற்பகல். ஜன்னல் சாத்திய வீட்டுக்குள் வெந்துகொண்டே கேட்டோம். முதல் பாதியில் எதிரணி ஒரு கோல் போட்டது. பதினான்கு வீட்டிலிருந்தும் ஒரே ‘ஐயோ’ எழுந்தது. தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்பதை விட அந்த ‘ஐயோ’வின் கச்சிதம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. இரண்டாம் பாதியில் நாங்கள் சமன் செய்தோம். என் ‘கோல்’ எங்கே முடிந்தது, மேலே மச்சானுடையது எங்கே ஆரம்பித்தது என்று சொல்ல முடியவில்லை. மனைவி பதினோரு நாளுக்குப் பிறகு என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கையில் எதிரணிக்குப் பெனால்டி கொடுத்தார்கள். நம் ஆட்டக்காரர்கள் நடுவரைச் சூழ்ந்துகொண்டு வாதாடுவதாகவும், எதிரணித் தலைவர் பந்தைக் கையில் எடுப்பதாகவும் வர்ணனையாளர் சொன்னார். அதோடு சத்தம் நின்றுவிட்டது. தெருமுனையில் யாரோ எதற்கோ தோண்டியதில் கேபிள் அறுந்துவிட்டது என்று பிறகு தெரிந்தது. பதினான்கு ஸ்பீக்கரும் ஒரே கணத்தில் ஊமையாயின. ஒன்று கூட முந்தவில்லை, பிந்தவில்லை என்பதைக் குறித்துக்கொண்டேன்.

கதவுகள் திறந்தன. கைபேசியைத் தட்டினால் வட்டம்தான் சுற்றியது. எல்லோரும் படியில் விழுந்தடித்து இறங்கினோம். மச்சான் ஒரு காலில் மட்டும் செருப்போடு வந்தார். அக்கா கூண்டில் ரேடியோவைக் காதோடு அணைத்து உட்கார்ந்திருந்தார். முகம் சுவர்போல இருந்தது.

“என்னக்கா ஆச்சு? அடிச்சாச்சா?” என்றேன்.

அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“இன்னும் பதினெட்டு செகண்ட் இருக்கு சார்.”

நான் பரவாயில்லை, இப்போதே சொல்லலாம் என்றேன். அவர் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். பதினான்கு கையெழுத்து. ஒருத்தர் மட்டும் எப்படி ரத்து செய்வது என்று கேட்டார். நியாயமான கேள்வி. பாட்டு டீச்சர் தன்னையறியாமல் தொடையில் தாளம் போட்டார். மச்சான் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். என் வாழ்நாளில் நான் போட்ட அட்டவணைகளிலேயே நிமிடம் தவறாமல் நடைமுறைக்கு வந்தது அது ஒன்றுதான்.

பதினெட்டு விநாடி முடிந்ததும் அக்காவின் முகம் தானாக உடைந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“புடிச்சிட்டாரு சார். கீப்பரு புடிச்சிட்டாரு.”

ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போயிற்று. யாரும் மாடி ஏறவில்லை. முப்பது நிமிடமும் வாசல் படியில் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். அக்கா ரேடியோவைக் கூண்டின் விளிம்பில் வைத்து, அதன் குச்சியை இழுத்துவிட்டார். ஒரே ரேடியோ, கரகரப்பு வேறு. கடைசி நிமிடத்தில் நாங்கள் கோல் போட்டபோது என்னை யாரோ இறுகக் கட்டிக்கொண்டார்கள். பார்த்தால் மச்சான். “மாப்ள, மாப்ள” என்பதைத் தவிர அவருக்கு வேறு சொல் வரவில்லை. மனைவி பக்கத்தில் நின்று, அவர் தோளில் ஒரு கையும் என் தோளில் ஒரு கையுமாக அழுதாள்.

அடுத்த வாரம் உபகுழு கூடி, திட்டம் முழு வெற்றி என்று பதிவு செய்தது. ஒரே ஒரு குறை கண்டறியப்பட்டது. கட்டடத்தில் ஒரு கருவி மட்டும் அமைப்புக்குக் கட்டுப்படாமல், நடந்ததை நடந்த நேரத்திலேயே சொல்லிவிடுகிறது. அதை அகற்றி, வாசலிலும் ஒரு வைஃபை ஸ்பீக்கர் பொருத்த வேண்டும் என்று முன்மொழிந்தேன். மச்சான் வழிமொழிந்தார், என் பேனாவிலேயே. அக்கா ரேடியோவைத் துணிப்பையில் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போனார். போகும்போது, இனிமேல் கேட்டில் திருடன் வந்தால் உடனே சொல்லலாமா அல்லது காத்திருக்க வேண்டுமா என்று மட்டும் கேட்டார். அது உபகுழுவின் பரிசீலனையில் இருக்கிறது.

புதிய போட்டித் தொடர் ஆரம்பமாகிவிட்டது. பதினைந்து கருவிகளும் அப்பழுக்கில்லாமல் ஒன்றாகப் பேசுகின்றன. பாட்டு டீச்சர் வந்து கேட்டுவிட்டு, குறை சொல்ல ஒன்றுமில்லை என்று போய்விட்டார். கதவைச் சாத்திக்கொண்டு நான் கீழே கத்துகிறேன். அதே நொடியில் மச்சான் மேலே கத்துகிறார். அவரை நேரில் பார்த்து நான்கு மாதமாகிறது. நன்றாகத்தான் இருக்கிறார் என்று நினைக்கிறேன். கத்துவது கேட்கிறது.