கோழிக்காலுக்கு ஒரு காப்புக் கயிறு

திசையன்விளை ரோட்டில் இருக்கும் அந்தக் கோழிக்கறிக் கம்பெனியில் அன்று திருவிழாக் கூட்டம். வந்திருப்பவர் சாதாரண ஆளா? எந்திரச் சித்தர்! கம்ப்யூட்டருக்கு வந்த கோளாறையே திருநீறு பூசி இறக்கியவராம். அவர் பேரைச் சொன்னால் பம்புசெட் தானாக ஓடுமாம். அவர் வந்த கார் மட்டும் பாதி வழியில் நின்றுபோய், நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அது எப்படி என்று யாரும் கேட்கவில்லை. பக்தி என்றால் அப்படித்தான்.

விஷயம் இதுதான். போன வாரம் வெட்டு மிசினில் சித்ரலேகாவின் இரண்டு விரல்கள் போயின. அதற்கு முன்னால் ரசீத்தின் கட்டைவிரல். முதலாளி பரமசிவன் அண்ணாச்சி ஆழமாக யோசித்து, மிசினுக்குள் பேய் இருப்பதாகக் கண்டுபிடித்தார். ரொம்ப வசதியான பேய்! அதன் மேல் பாளையங்கோட்டை கோர்ட்டில் யாரும் நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாதல்லவா?

சித்தர் மிசினைச் சுற்றி வந்தார். உறுமினார். எலுமிச்சம்பழத்தை நசுக்கினார்.

"ரத்தக் காட்டேரி! என் கயிறு கட்டின கையக் கண்டா தானா ஒதுங்கிரும்!"

எல்லா மதத்தையும் சமமாக மதிப்பவர் அவர். இந்துக்களுக்குச் சிவப்புக் கயிறு, முஸ்லிம்களுக்குப் பச்சை, கிறிஸ்தவர்களுக்கு வெள்ளை. காணிக்கை மட்டும் நிறம் பார்க்காமல் எல்லார் சம்பளத்திலும் பிடிக்கப்படும். ஒரே ஒரு நிபந்தனை: இரும்பு பட்டால் மந்திரம் செத்துவிடும், ஆகவே கம்பிவலைக் கையுறை போடக் கூடாது. கையுறைச் செலவும் மிச்சம் என்றதும் அண்ணாச்சிக்குப் பக்தி பெருக்கெடுத்தது.

வேலையாட்கள் முண்டியடித்துக் கையை நீட்டினார்கள். "எனக்கு ரெண்டு கையிலயும் கட்டுங்க சாமி" என்றாள் ஷம்ஸியா.

டெபோரா மட்டும் நீட்டவில்லை. இனி சித்ரலேகாவின் இடத்தில் நின்று வெட்டப் போவது அவள்தான்.

"சாமி, ஒரு சின்ன சோதனை" என்று தட்டிலிருந்து ஒரு கோழிக்காலை எடுத்தாள். "இதுக்கும் ஒரு கயிறு கட்டுங்க. மிசினு ஒதுங்குதான்னு பாப்போம்."

கூட்டம் சிரித்தது. சித்தர் வாயைத் திறப்பதற்குள், ஷம்ஸியா தன் இரண்டு கயிற்றில் ஒன்றை அவிழ்த்துக் கோழிக்காலில் கட்டிவிட்டாள். டெபோரா அதை நீளக் குச்சியால் மிசினுக்குள் தள்ளினாள். டர்ர்ர்! அந்தப் பக்கம் துண்டு துண்டாக விழுந்தது, பச்சைக் கயிற்றோடு.

"செத்த கோழிக்குப் பலிக்காதும்மா! ஒடம்புல உசிரு இருக்கணும்!" என்றார் சித்தர்.

"அதுவும் சரிதான். ஒங்களுக்குத்தான் உசிரு நல்லா இருக்கே. கயித்தக் கட்டிக்கிட்டு ஒங்க கைய விடுங்க சாமி."

"ஆமா வே, விடும் பாப்போம்!" என்று ரசீத் முன்னால் வந்தார். கட்டைவிரல் இல்லாத கையால் சித்தரின் தோளை அணைத்து, மிசின் பக்கத்தில் கொண்டு நிறுத்தினார்.

கத்தி சுற்றுவதைச் சித்தர் அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தார். தாடியெல்லாம் வேர்த்தது.

"ஏலே, ஆப் பண்ணுங்கலே! இதுக்கு மூடி எங்கலே? மூடி இல்லாத மிசின்ல எந்தக் கிறுக்கனாவது கைய விடுவானா?"

மூடி இருந்தது. ஸ்டோர் ரூமுக்குப் பின்னால் கிடந்தது. மிசினில் மாட்டியிருந்தபோது, அதைத் திறந்தாலே மிசின் தானாக நின்றுவிடும். நின்று நின்று ஓடினால் வேலை சுணங்குகிறது என்று அண்ணாச்சியே கழற்றச் சொன்னது. மூடி இருந்த காலத்தில் எந்தக் காட்டேரியும் யாரையும் கடித்ததில்லை. இது எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயைத்தான் திறக்கவில்லை.

"கேட்டியளா அண்ணாச்சி? ஒங்க சாமியே சொல்லிட்டாரு" என்றாள் டெபோரா. "மூடியப் போடுங்க. கையுறையக் குடுங்க. விரலு போனவங்களுக்கு நஷ்டஈட்டக் குடுங்க. அதுவரைக்கும் ஒருத்தரும் மிசினத் தொடமாட்டோம்."

அவிழ்த்த கயிறுகள் சித்தரின் காலடியில் மூன்று நிறத்திலும் குவிந்தன. அவர் எந்தப் பக்கம் போனார் என்று தெரியவில்லை. சாயந்திரத்துக்குள் மூடி மிசினில் ஏறியது. நாலு திருகாணிதான், பேய் போயே போய்விட்டது! நஷ்டஈட்டுக்கு எழுதிக் கையெழுத்துப் போடும்போது அண்ணாச்சி முகத்தில்தான் பேயறைந்த களை.

மக்களே, யோசிப்பதாக இருந்தால் பத்து விரலும் இருக்கும்போதே யோசியுங்கள். தலையைச் சொறியவாவது விரல் வேண்டாமா?