சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எல்லை கடந்த விவரம்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் மூட்டுவலி தணிந்திருக்கும் என்று நம்பி எழுதுகிறேன்.

உட்கார்ந்து படியுங்கள். செய்தி நல்லதுதான், ஆனாலும் உட்காருங்கள். உங்கள் மகள், அதாவது என் மருமகள், ஒருவர் மாற்றி ஒருவர் ஓட்டும் இரு நாட்டுத் தொடர் சைக்கிள் போட்டியில் எல்லையைக் கடந்துவிட்டாள்! "எடுத்த காரியத்தை அவ என்னைக்கு முடிச்சிருக்கா?" என்று கல்யாணத்தன்று என் காதில் சொன்னீர்களே, அதே காதால்தான் இன்று கைதட்டலைக் கேட்டேன்.

விதிமுறைப் புத்தகம் முப்பத்தாறு பக்கம். நாள் முழுக்க லிஃப்ட் பழுதுபார்க்கிறவளுக்கு அதைப் படிக்க ஏது நேரம்? நான் நாற்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவன். இரண்டு முறை படித்து, ஐந்து எழுத்துப்பிழைகளையும் திருத்திக் கொடுத்தேன். போட்டி நடத்துபவர்கள் அசந்துபோய் என்னை அவள் அணியின் உதவியாளராகப் பதிந்துகொண்டார்கள். எல்லை தாண்டும் ஒவ்வொரு சைக்கிளின் எண்ணும் அதைக் கொண்டுபோகிறவர் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும். எல்லையில் ஏறி ஓட்டக்கூடாது, தள்ளித்தான் நடக்க வேண்டும். பதினொரு மணிக்குள், எல்லை தாண்டி இரண்டு கிலோமீட்டரில் நிற்கும் அடுத்த ஆளிடம் அணியின் துணிப்பட்டையைக் கொடுக்காவிட்டால் அணியே வெளியே.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. எல்லைச் சாவடிக்கு அரை கிலோமீட்டர் முன்னால் ஒரு பள்ளம். விழுந்தாள். முழங்கால் சிராய்ப்பு, முன்சக்கரம் கோணல். அவளுக்கு முந்தைய சுற்றை ஓட்டி முடித்து, வேனில் என்னோடு வந்துகொண்டிருந்த அணிக்காரர் ஒருவர், பேக்கரி வைத்திருப்பவர், உடனே தன் சைக்கிளை இறக்கிக் கொடுத்தார். சாவடியில் அதிகாரி படிவத்தைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். சைக்கிள் பேக்கரிக்காரர் பெயரில், அவரிடமோ பாஸ்போர்ட் இல்லை.

"அம்மா போகலாம். சைக்கிளும் போகலாம். ஆனா ரெண்டும் சேர்ந்து போக முடியாது."

மணி பத்து நாற்பது. அவள் என்னைப் பார்த்து, "அப்பா எப்பவும் சொல்றது சரிதான் போல, மாமா" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம்! "முப்பத்தோராம் பக்கத்தப் பிரிங்க சார்! பதிவு பெற்ற உதவியாளர் மாற்றுச் சைக்கிளைத் தள்ளிட்டுப் போகலாம்னு போட்டிருக்கா இல்லையா?" என்றேன். அவர் உதடசைத்துப் படித்தார். மேலதிகாரியைக் கூப்பிட்டார், அவரும் படித்தார். "இப்படி ஒரு விதி இருக்கறதே எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்" என்று சொல்லி முத்திரையைக் குத்தினார்.

அறுபத்தெட்டு வயதில் முதன்முதலாக வெளிநாடு போனேன், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. பேக்கரிக்காரர் ஆறடி, இருக்கை என் மார்புக்கு வந்தது. பெடல் நான்கு முறை கெண்டைக்காலைப் பதம் பார்த்தது. பக்கத்தில் அவள் கைவீசி, நொண்டி நொண்டி, "நேராப் பிடிங்க மாமா, லாரி வருது!" என்று அதட்டிக்கொண்டே வந்தாள். வரிசையில் நின்ற லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துக் கைதட்டினார்கள். மறுபக்க முத்திரை விழுந்ததும் தாவி ஏறினாள். உட்கார்ந்தால் கால் எட்டவில்லை. இரண்டு கிலோமீட்டரும் நின்றபடியே மிதித்தாள். பத்து ஐம்பத்தாறுக்குப் பட்டை கைமாறியது.

போன் செய்தாள். "முடிச்சிட்டேன் மாமா! இதே சைக்கிள்ல கடைசி ஊர் வரைக்கும் அடுத்தவங்க கூடவே ஓட்டிட்டுப் போறேன். அப்பாகிட்ட நீங்களே சொல்லுங்க."

சொல்லிவிட்டேன். கல்யாணத்தன்று சொன்ன வாக்கியத்தை இனி நீக்கிவிடவும். இது பிழை திருத்துபவனின் பணிவான வேண்டுகோள்.

உங்கள் வீட்டில் என்னைவிட மூத்தவர்களுக்கு வணக்கம், இளையவர்களுக்கு ஆசி, என் வயதுக்காரர்களுக்கு அவரவர் விருப்பப்படி.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி
(பதிவு பெற்ற உதவியாளர்)

பின்குறிப்பு: திரும்பும்போது என்னைத் தடுத்துவிட்டார்கள். சைக்கிளோடு போன உதவியாளர் சைக்கிளோடுதான் திரும்ப வேண்டுமாம். முப்பத்திரண்டாம் பக்கம். அதில் எழுத்துப்பிழை இல்லாததால் கண்ணில் தங்கவில்லை. அவள் ஓட்டிப்போன சைக்கிள் திரும்பி வர மூன்று நாளாகும். அதுவரை சாவடி பெஞ்சில்தான் வாசம். அதிகாரிகள் தங்கமானவர்கள், விதியில் சந்தேகம் வந்தால் என்னைத்தான் கேட்கிறார்கள். இக்கடிதம் கொண்டுவரும் லாரி ஓட்டுநரிடம் ஒரு தலையணை கொடுத்தனுப்பவும். மருமகளிடம் மூச்சு விடாதீர்கள். என் மனைவி போன் செய்தால் எடுக்கவே எடுக்காதீர்கள். நான் பல் டாக்டரைப் பார்க்கப் போயிருப்பதாக அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.