மத்தியானமே வந்துவிட்ட ஆறு

விஜயநகர், மைசூரு

மிகுந்த பிரியத்துக்குரிய மைத்துனர் மாணிக்கவாசகத்துக்குச் சென்னப்பன் எழுதிக்கொண்டது. என் முட்டி தவிர இங்கே எல்லாம் நலம் என்று எழுத உட்கார்ந்தேன், அதுவும் பொய். உங்கள் அக்கா உயிரோடிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலையில்லை.

தாரணி வீட்டுக்கு வந்துவிட்டாள். இமாசலத்தில் மலைமேல் எவ்வளவு பனி கிடக்கிறது, அது உருகி எப்போது ஆற்றில் இறங்கும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்வதுதானே என் மகளின் உத்தியோகம். போன மாதம், சாயங்காலம் வெள்ளம் வரும் என்று ஒரு கிராமத்துக்குச் சொல்லியிருக்கிறாள். ஊரே மேட்டுக்கு ஏறிவிட்டது. இவள் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாள் ரூப்தேயி மட்டும், நேரம் இருக்கிறதே என்று கன்றுக்குட்டியை அவிழ்க்கத் திரும்பப் போயிருக்கிறாள். ஆறு மத்தியானமே வந்துவிட்டது.

வந்ததிலிருந்து இவள் அறையைவிட்டு வெளியே வரவில்லை. ஆறுதல் சொல்லப் போய், "கணக்குன்னா தப்பு வரும் கண்ணு, நம்ம கரண்ட் பில்லுலயே வரலயா?" என்றேன். கதவைச் சாத்திக்கொண்டாள். கரண்ட் பில்லை ஏன் இழுத்தேனோ! சரி, அவள் வேலையைப் புரிந்துகொண்டாவது பேசலாம் என்று ஃப்ரிட்ஜிலிருந்த ஐஸையெல்லாம் வழித்தெடுத்து, மொட்டைமாடியில் மணலைக் குவித்து மலை செய்து, அதன் உச்சியில் வைத்து, உருகட்டும் என்று காத்திருந்தேன், பக்கத்து வீட்டு பசவராஜ் எட்டிப் பார்த்து, "ஏனு சார், லிங்கமா?" என்று செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட, அவருக்கு விளக்கம் சொல்ல எழுந்தவன் உருகின தண்ணீரிலேயே வழுக்கி விழுந்தேன்.

சத்தம் கேட்டுத் தாரணி ஓடிவந்தாள். முட்டிக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே பேசினாள்.

"வெயில் கணக்கு சரிதான்ப்பா. பனிமேல மழை பேஞ்சு ஒரேயடியா கரைச்சிருச்சு. அவ்ளோ உயரத்துல மழை அளக்க ஒண்ணுமே இல்ல. எனக்குத் தெரியல. அவங்க என்னை நம்பித்தானே திரும்பிப் போனாங்க?"

சொல்லிக்கொண்டே அழுதாள் மாப்பிள்ளை. நானும் அழுதுவிட்டேன். பசவராஜ் கூப்பிய கையை எடுக்கத் தெரியாமல் நின்றார்.

ஆகையால், கொள்ளேகாலில் உங்களுக்குத் தெரிந்த பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கணக்கு டீச்சர் வேலைக்குச் சொல்லிவையுங்கள். அங்கே கணக்குத் தப்பினால் மார்க்குதான் போகும். இனி எந்த மலைக்கும் அவளை அனுப்பமாட்டேன். இது முடிவு.

தங்கச்சி பூவாத்தாளும் பிள்ளைகளும் நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும்.

உங்கள் அக்கா வீட்டுக்காரன்,
சென்னப்பன்

பின்குறிப்பு: பள்ளிக்கூடத்தில் எதுவும் சொல்லவேண்டாம். கடிதத்தை மடிக்கும்போது ரூப்தேயியின் புருஷன் போன் பண்ணினார். என்ன திட்டுவாரோ என்று ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டோம். அவர் இந்தியில் பேசியதைத் தாரணி எனக்குத் தமிழில் சொன்னாள்: "மேல இன்னும் பனி கெடக்குதாம்ப்பா. எப்ப எறங்கும்னு கேக்கறார். சொல்றதுக்கு அங்க வேற ஆளில்லயாம்." நாளைக்குக் கிளம்புகிறாள். அவளுக்குக் கம்பளிக் காலுறை கேட்டுக் கடை கடையாக நொண்டிக்கொண்டிருக்கிறேன். மைசூர் வெயிலில் எல்லோரும் என்னை ஒருமாதிரி பார்க்கிறார்கள்.