வெண்கட்டி அண்ணை கீறிய வட்டங்கள்

"இருக்கக் கதிரை இல்லாத வீட்டுப் பிள்ளை, ஊராக்களுக்கு வீடு கீறப் போறாவாமோ?"

கல்லூரியில் உள்ளக வடிவமைப்புப் படித்து முடித்து நான் சான்றிதழோடு நின்ற நாளில் இப்படிக் கேட்டவர், ரொறன்ரோவின் மோர்னிங்சைட்டில் நான்கு அறை வீடு வைத்திருந்த ஓர் அன்ரி. அவர் பொய் சொல்லவில்லை. ஊரில் எங்கள் வீட்டில் கதிரை இருக்கவில்லை. அதே ஊரில் அவருடைய வீட்டில் எட்டு இருந்தன. ஆனாலும் அம்மா அங்கே வேலைக்குப் போனால் குசினி வாசலில் நிலத்தில்தான் இருக்கவேண்டும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்புவரை கண்ட முதல் ஆள் நான். ஆகவே அன்றைக்கே ஒரு முடிவு எடுத்தேன்: நான் கீறப்போகும் வீடுகளில் ஒருவரும் நிலத்தில் இருக்கமாட்டார்கள்.

இந்த முடிவோடு இருந்தவளைக் கொண்டுபோய் வெண்கட்டி அண்ணையிடம் மாட்டிவிட்டது காலம்.

இந்தப் பூமியில் வெண்கட்டி அண்ணையைப்போல மற்றவர்களின் பின்புறங்களை இவ்வளவு மரியாதையோடு அளந்த மனிதர் இன்னொருவர் பிறக்கவில்லை. இனிப் பிறந்தாலும் ரொறன்ரோப் பொலிஸ் விடாது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. யங் வீதியில் பிஞ்ச் சந்திக்குக் கிட்ட, ஒரு பல் வைத்தியரின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம். முதலாளி, நான், அண்ணை, அவ்வளவுதான் சனம். அந்தப் பக்கமெல்லாம் கொரியக் குடும்பங்கள் வந்து நிறைந்துகொண்டிருந்ததால் வேலையும் பெரும்பாலும் கொரிய வீடுகள்தான். அண்ணை போய் அளந்து வரவேண்டும். நான் கீறவேண்டும். எனக்கு ஆறு மாதத் தவணை. அதற்குள் நான் கீறிய வரைபடம் ஒன்றாவது வாடிக்கையாளரின் கையெழுத்தோடு திரும்பி வந்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால், பிறம்ரனில் நான் விட்டுவந்த பெட்டி ஒட்டும் வேலை அப்படியேதான் இருந்தது.

அண்ணை ஒரு கொரியக் கட்டடக் கொம்பனியோடு பாலைவனத்தில் பத்து வருடம் அளவுக்காரனாகத் திரிந்தவர். சான்றிதழ் என்று ஒரு கடதாசியும் கிடையாது. கொரிய மொழி தண்ணிபட்ட பாடு. கரும்பலகையில் எழுதுகிற வெண்கட்டி ஒன்று எப்போதும் சட்டைப் பொக்கெற்றில் இருக்கும். அதனால் அவருடைய இடது நெஞ்சு எந்நேரமும் திருநீறு பூசினதுபோல இருக்கும்.

என் முதலாவது வீட்டுக்கு அவர் காலை பத்து மணிக்கு அளக்கப் போனார். நாலு மணிக்குத் திரும்பி வந்தார். கையில் ஒரு தாள். அதில் இப்படி எழுதியிருந்தது: 'சோபாவில் – ஒருத்தரும் இல்லை. சோபாவுக்கு முன்னால் நிலத்தில் – நாலு பேர். முதுகு சோபாவில் சாய்வு. கால் நீட்டு – இரண்டு அடி ஒன்பது அங்குலம்.'

"அண்ணை, சுவர் எத்தினை அடி?"

"சுவரோ? அளக்கேல்லப் பிள்ளை."

"ஆறு மணித்தியாலம் என்ன செய்தனீங்கள்?"

"சுவர் எங்க ஓடப் போகுது? நாளைக்கும் அங்கதான் நிக்கும். சனம் எல்லோ எழும்பிப் போயிடும்."

நான் மேசையில் தலையை வைத்துக்கொண்டேன். கீழே பல் வைத்தியரின் துளைப்பான் ஊளையிட்டது. எனக்கு அது ஆறுதலாக இருந்தது. என்னைவிடத் துன்பப்படுகிற ஒரு சீவன் பக்கத்தில் இருக்கிறதே!

அவருடைய முறை இதுதான். வீட்டுக்காரர்கள் எங்கே இருக்கிறார்களோ, படுக்கிறார்களோ, குந்துகிறார்களோ, அங்கே அவர்களைச் சுற்றி வெண்கட்டியால் ஒரு கோடு இழுப்பார். ஒரு நாள் முழுக்க இழுத்தால் மாலையில் தரை முழுவதும் வட்டங்கள். அந்த வட்டங்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் சுவரை வைத்தால் போதுமாம்.

இந்த முறைதான் பொலிஸைக் கொண்டுவந்தது. பாக் என்ற குடும்பத்தின் வீடு. எழுபது வயது அம்மா, மூலைக்கடை நடத்தும் மகன். மத்தியானம் அந்த அம்மா வரவேற்பறைத் தரையில் மெல்லிய மெத்தை ஒன்றை விரித்துக் கொஞ்சம் கண்ணயர்ந்தார். அண்ணை சத்தமில்லாமல் அவரைச் சுற்றி, தலை, தோள், மடக்கிய முழங்கால் எல்லாம் பிசகாமல் கோடு இழுத்தார். அம்மா எழும்பி மெத்தையைச் சுருட்டி அலுமாரிக்குள் வைத்துவிட்டு, கிம்ச்சி ஊறுகாய் போட இலைக்கோவா வாங்கக் கடைக்குப் போனார். அண்ணையும் சாப்பிடப் போய்விட்டார். அந்த நேரம் பார்த்து மகன் வீட்டுக்கு வந்தான்.

வீட்டில் அம்மா இல்லை. தரையில் மட்டும் அம்மாவின் உருவம், வெண்கட்டிக் கோட்டில்.

இரண்டு பொலிஸ் கார், ஒரு தீயணைப்பு வண்டி, ஒரு அம்புலன்ஸ். அம்மா ஆறு கோவாவோடு பஸ்ஸால் இறங்கி வந்தபோது மகன் புல்லில் இருந்து குழறி அழுதுகொண்டிருந்தான். அண்ணை பொலிஸ்காரனுக்கு விளங்கப்படுத்திய ஆங்கிலத்தால் நிலைமை இன்னும் மோசமானது.

"என்னண்ணை சொன்னனீங்கள் அவனுக்கு?"

"உண்மையைத்தான் சொன்னனான். அம்மா படுத்திருக்கேக்க நான்தான் செய்தனான், அவவுக்கு ஒண்டும் தெரியாது எண்டு."

முதலாளி அன்றைக்கே அவரை நிறுத்தியிருப்பார். ஆனால் பாக் அம்மா தரையில் தன் உருவத்தைப் பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். மகன் துடைக்கப் போனபோது தடுத்தாராம். இரண்டு கிழமை கழித்து அவருடைய தேவாலயத்தார், முதியவர்களுக்காக ஒரு பழைய கட்டடத்தை இருபத்துநான்கு குடியிருப்புகளாக மாற்றும் வேலையை எங்களிடம் கொண்டுவந்தார்கள். குழுத் தலைவி பாக் அம்மா. கீறுவது நான். எனக்கு மிச்சம் இருந்தது ஏழு கிழமை.

நான் கீறினேன் பாருங்கள்! ஒவ்வொரு குசினிக்கும் நடுவில் கல்லுப் பதித்த மேடை. ஒவ்வொரு அறைக்கும் உயரமான கட்டில். ஒவ்வொரு சாப்பாட்டு மேசைக்கும் நான்கு கதிரைகள். இருபத்துநான்கு வீட்டுக்கும் தொண்ணூற்றாறு கதிரைகளையும் ஒவ்வொன்றாக, முதுகுச் சாய்வோடு கீறினேன். கொம்பியூட்டரில் ஒன்றைக் கீறிப் பிரதி எடுத்திருக்கலாம். எடுக்க மனம் வரவில்லை.

அடுத்த நாள் காலை வந்து பார்த்தால், தொண்ணூற்றாறு கதிரைகளுக்கும் பக்கத்தில் பென்சிலால் 'ஆர்?' என்று எழுதியிருந்தது.

"அண்ணை, உது என்ன எழுதி வைச்சிருக்கிறியள்?"

"கேள்வி."

"தொண்ணூற்றாறு தரமோ?"

"கதிரையைத் தொண்ணூற்றாறு தரம் கீறினது நீதானே பிள்ளை. உதில ஆர் இருக்கிறது? ஹீட்டரையும் சுவரில கொண்டுபோய் வைச்சிருக்கிறாய். சனம் சுவரிலயோ இருக்குது?"

"வயசு போனதுகள் அண்ணை. நிலத்தில குந்தி எழும்ப ஏலுமோ?"

"பாக் அன்ரி உன்னைவிடக் கெதியா எழும்புவா."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. "நீங்கள் சனத்தை நிலத்தில இருத்திப் பாக்க ஆசைப்படுற ஆக்கள். எங்கட அம்மாவைக் குசினி வாசலில இருத்தின உங்கட ஆக்களை எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டேன்.

அண்ணையின் முகம் வெளுத்தது. வெண்கட்டித் தூளாகவும் இருக்கலாம். அவர் அழிறப்பரை எடுத்து, தொண்ணூற்றாறு 'ஆர்?'களையும் ஒவ்வொன்றாக அழித்துத் தந்துவிட்டுப் போனார்.

தவணை முடிய மூன்று நாள் இருக்கும்போது தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் குழு கூடியது. ஒரு குடியிருப்பை அதே அளவில் தரையில் ஒட்டுநாடாவால் ஒட்டி, இரவல் சோபா, மேசை, கதிரைகள் எல்லாம் வைத்திருந்தேன். மொழிபெயர்க்க அண்ணை. வெண்கட்டி கொண்டுவரக்கூடாது என்பது முதலாளியின் கட்டளை. நான் அவருடைய பொக்கெற்றைத் தட்டிப் பார்த்தேன். தூள் மட்டும் பறந்தது.

பதினொரு முதியவர்கள் வந்தார்கள். ஒட்டுநாடாவால் நான் போட்டிருந்த வாசற்கோட்டுக்கு முன்னால், சுவரும் இல்லாத கதவும் இல்லாத அந்த இடத்தில், பதினொரு பேரும் சப்பாத்தைக் கழற்றினார்கள். இருபத்திரண்டு சப்பாத்துகள். நான் கீறிய கதவு உள்ளே திறப்பது. திறந்தால் அத்தனையையும் வாரிக்கொண்டு போகும். நாங்களும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போகிற சனம்தான். ஆனால் வரைபட மேசைக்கு முன்னால் இருந்தபோது எனக்குக் கல்லூரிப் புத்தகத்து வாசல் மட்டும்தான் தெரிந்தது.

பிறகு நடந்ததை எப்படிச் சொல்ல? எல்லோரும் மிக மரியாதையாகச் சோபாவைப் பார்த்தார்கள். மிக மரியாதையாக அதற்கு முன்னால் நிலத்தில் இருந்து, அதில் முதுகைச் சாய்த்தார்கள். கால் நீட்ட இடம் இல்லை, என் சின்ன மேசை தடுத்தது. இரண்டு பேர் அதை மெதுவாகத் தூக்கி ஓரத்தில் வைத்தார்கள். குசினியில் ஆறு பெண்கள், கோவாவுக்கு உப்புப் போடுகிற பெரிய தாச்சியை வட்டமாகச் சுற்றிக் குந்துவதுபோலக் குந்திப் பார்த்தார்கள். நடுவில் இருந்த மேடை அவர்களின் முழங்காலில் இடித்தது. மேடையும் ஓரத்துக்குப் போனது. கதிரைகள் ஒன்றுக்குமேல் ஒன்றாக அடுக்கப்பட்டன. பத்தே நிமிடத்தில் என்னுடைய வரைபடம் முழுவதும் ஒரு மூலையில் குவிந்து கிடந்தது. பதினொரு பேரும் வெறும் தரையில் சந்தோசமாக இருந்தார்கள்.

ஒருவரும் அவர்களை இருத்தவில்லை. தாங்களாக இருந்தார்கள். எனக்கு அம்மாவின் முகம் வந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் ஒட்டுநாடாச் சுருளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பாக் அம்மா என்னைப் பார்த்து ஐந்து நிமிடம் பேசினார்.

"என்னண்ணை சொல்லுறா?"

"பிள்ளை வடிவாக் கீறியிருக்கு எண்டுறா."

"அஞ்சு நிமிசம் கதைச்சதுக்கு உவ்வளவுதானோ?"

"மிச்சத்தை உனக்கு நான் சொல்லமாட்டன்."

சொல்லிவிட்டு அவரும் சப்பாத்தைக் கழற்றினார். காலுறைக்குள் கையை விட்டார். வெளியே வந்தது வெண்கட்டி!

பதினொரு பேரையும் சுற்றி அவர் கோடு இழுத்தார். கிழவிகள் குழந்தைகளைப்போலச் சிரித்தார்கள். ஒரு அம்மா தன்னை இன்னும் கொஞ்சம் மெலிவாகக் கீறச்சொல்லிச் சண்டை பிடித்தார். எல்லோரும் போனபின் தரை முழுவதும் வட்டங்கள். வழக்கம்போல ஒரு இலக்கமும் இல்லை. நாலு மணிக்குத் துப்புரவுக்காரன் ஈரத் துடைப்பத்தோடு வருவான்.

"அண்ணை, அளவுகளை எழுதுங்கோவன்!"

"ஏன்? கண்ணால தெரியுதுதானே."

"நகரசபை அனுமதிக்கு உங்கட கண்ணையோ அனுப்புறது?"

அளவுநாடாவை எடுத்து நானே முழங்காலில் விழுந்தேன். வட்டத்திலிருந்து வட்டத்துக்குத் தவழ்ந்தேன். அவர் பின்னால் தவழ்ந்து, நாடாவின் மறுமுனையைப் பிடித்து, துப்புரவுக்காரனோடு கொரிய மொழியில் வாதாடி இருபது நிமிடம் வாங்கித் தந்தார். அவன் போர்த்துக்கீசன் என்பது பிறகுதான் தெரிந்தது.

இரண்டு நாள் கீறினேன். வாசலில் சப்பாத்துக்கென்று ஒரு படி தாழ்வு, குனிய முடியாதவர்கள் இருந்து கழற்ற ஒரு சின்ன வாங்கு. கதவு வெளியே திறந்தது. சுவர் ஹீட்டருக்குப் பதிலாக, தரையைச் சூடாக்கும் சுடுதண்ணிக் குழாய்கள் தரைக்குக் கீழே ஓடின. பகலில் மெத்தையைச் சுருட்டி வைக்க ஆழமான அலுமாரி. குசினியின் நடுவில் வெறும் தரை, அதில் தண்ணீர் போக வழி, முழங்கால் உயரத்தில் ஒரு பைப். நிலத்தில் இருப்பவருக்கும் தெரு தெரியவேண்டும் என்பதற்காக யன்னல்களை ஒன்றரை அடி கீழே இறக்கினேன். அது மட்டும் என் சொந்த யோசனை. அண்ணை பார்த்துவிட்டு, "ம்" என்றார். அவரிடம் அதற்குமேல் பாராட்டு வாங்கிய மனிதர் இல்லை.

திங்கள் காலை பாக் அம்மா கையெழுத்துப் போட்டார். திங்கள் மத்தியானம் முதலாளி எனக்குக் கை தந்து, வேலை நிரந்தரம் என்றார். அதே மூச்சில், அண்ணையை அந்த வெள்ளியோடு நிறுத்துவதாகவும் சொன்னார். சான்றிதழ் இல்லை, பொலிஸ் வந்தது, மரத்தரைகளில் வெண்கட்டி. கொரிய வீடுகளுக்கு இனி நானே போகலாமாம். எனக்குத்தான் இப்போது எல்லாம் தெரியுமே!

எனக்கு என்ன தெரியும்? கோடு இழுத்தபின் அளக்கத் தெரியும். ஆறு மணித்தியாலம் ஒரு வீட்டில் சும்மா இருந்து, சனம் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்க எனக்கு ஏலாது.

அண்ணை செய்தியைக் கேட்டு, "நல்லதாப் போச்சு. அந்தப் பல்லு டொக்ரற்ற மெசின் எனக்குத் தலையிடி" என்றார். பிறகு தன் மேசையில் கிடந்த வெண்கட்டித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பொக்கெற்றில் போட்டார்.

வரைபடத்தின் வலப்பக்கக் கீழ்மூலையில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். கீறியவரின் பெயர் அதில் வரும். எங்கள் குடும்பத்தில் ஒருவருடைய பெயர் ஒரு கட்டடத்தோடு சேரப்போவது அதுதான் முதல் தடவை. எழுதினேன். வடிவாகத்தான் இருந்தது. சனம் அதைப் பார்க்கும் என்று நினைக்க நெஞ்சு நிமிர்ந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதற்கு மேலே இன்னொரு கோடு இழுத்தேன்.

"அண்ணை, உங்கட முழுப்பேர் என்ன?"

"ஏன் பிள்ளை, இமிகிரேஷன் ஏதும் வந்திட்டுதோ?"

"பேரைச் சொல்லுங்கோ."

சொன்னார். நீளமான, அழகான பெயர். கூச்சக்காரர், அதனால் இங்கே எழுதவில்லை. அந்தப் பெட்டிக்குள் அது கொள்ளவில்லை. என் பெயரை அழித்துச் சின்னதாக எழுதி இடம் பண்ணினேன்.

செவ்வாய் பத்து மணிக்கு முதலாளி வந்தார். என் மேசையில் கிடந்த பிரதியை எடுத்துப் பார்த்தார். படிக்காத ஆளின் பெயர் எங்கள் வரைபடத்தில் வரமுடியாது, அந்த வரியை எடுத்துவிட்டு நகரசபைக்குக் கொண்டுபோ, இல்லாவிட்டால் உன் வேலையைப் பற்றி நான் மறுபடியும் யோசிக்க வேண்டிவரும் என்றார்.

யோசியுங்கள் என்றேன். மூலப் பிரதியை நான் ஒன்பது மணிக்கே நகரசபைக் கவுண்டரில் கொடுத்து, முத்திரை குத்தி வாங்கியிருந்தேன்.