எலி சம்மதித்தால் கட்டில்

நைல் கரைத் தச்சர் ஊரான டமியெட்டாவில் கல்யாணக் கட்டில் செய்ய மரம் வேண்டும், மெருகு வேண்டும். இந்த வருடம் முதல் எலியின் சம்மதமும் வேண்டும்!

எல்லாம் எலிப் பேராசான் பஹ்கத் வந்த வேளை. நிச்சயமான ஜோடிக்கு இரண்டு எலிகளைக் கண்ணாடிப் பெட்டியில் விடுவார். பெண்ணுக்கு ஒன்று, மாப்பிள்ளைக்கு ஒன்று. ஒட்டிப் படுத்தால் பொருத்தம், கடித்தால் விவாகரத்து. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்தால் நைல் கரை வரை வரிசை. கனமாகக் காணிக்கை வைத்தவர்களின் எலிகள் மட்டும் எப்படிக் கொஞ்சிக் குலாவின? யாரும் கேட்கவில்லை. வசதியான காதல் எலிக்கும் புரியும் போலிருக்கிறது!

ஷாஹிந்தாவின் எலியைத் தாமெரின் எலி துரத்தித் துரத்திக் கடித்தது. தாமெரின் அப்பா கட்டிலுக்கு மெருகு போடுவதை நிறுத்தினார். அம்மா சாமியா பேராசானின் வாசலிலேயே கையை நீட்டினாள்.

"நிச்சய வளையலைக் கழட்டும்மா."

"கழட்டறேன் அத்தை. அதுக்கு முன்னாடி அந்த எலிங்களை ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்."

தாமெர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

உள்ளே திரும்பிய ஷாஹிந்தா விலங்கியல் படித்தவள். பெட்டியில் விடுமுன் பெண்ணின் எலிக்குப் பேராசான் அத்தர் தடவுவதைக் கவனித்திருந்தாள். சிலருக்குப் பச்சை ஜாடி, சிலருக்குப் பழுப்பு.

"எல்லாருக்கும் ஒரே அத்தர் இல்லையா, உஸ்தாத்?"

"அவங்கவங்க விதிக்கு ஏத்த அத்தர், மகளே."

"அப்ப இந்தத் தடவை விதியை நானே தடவறேன்!"

அவர் பாய்வதற்குள் பச்சை ஜாடியில் பஞ்சை நனைத்துத் தன் எலியைத் துடைத்துவிட்டாள். அதே பெட்டி, அதே எலிகள். சற்று முன் கடித்த முரடன் முகர்ந்தான், குழைந்தான், பின்னாலேயே சுற்றினான். பெண்கள் குலவையிட்டார்கள். அடுத்து, கனமாகக் காணிக்கை வைத்த துணிக்கடைக்காரர் மகளின் கொஞ்சும் எலி ஜோடி. அதில் பெண்ணின் எலிக்குப் பழுப்பு அத்தரைத் தடவினாள். அவ்வளவுதான், பெட்டிக்குள் குஸ்தி!

"ஐயோ, என் பொண்ணைக் கடிக்கிறானே!" என்று அலறினார் துணிக்கடைக்காரர்.

"உங்க பொண்ணு வீட்டுல பத்திரமா இருக்கா மாமா. இது எலி. அதுவும் ஆண் எலி, தூக்கிப் பாருங்க!"

வாலைப் பிடித்துத் தூக்கினார்கள். 'மணமகள்' ஆண்தான். ஷாஹிந்தா மூலையில் தொங்கிய திரையை இழுத்தாள். பின்னால் இரண்டு கூண்டுகள், அடியில் சொட்டுச் சொட்டாக நிரம்பும் இரண்டு ஜாடிகள்.

"பழுப்புல ஆண் எலி மூத்திரம், பச்சைல பெண் எலி மூத்திரம். இந்த மாப்பிள்ளை எலியைத் தனியா அடைச்சுச் சண்டைக்குப் பழக்கியிருக்கார். வேற ஆண் வாசனை பட்டா எகிறும். பெண் வாசனை பட்டா குழையும்."

"பச்சையா?" சாமியாவின் கை காதுக்குப் போனது. "புனிதம்னு காதுக்குப் பின்னாடி தடவிக்கிட்டேனே!"

பேராசான் ஜன்னல் வழியே குதித்தார். செருப்புகள் அவரைப் பின்தொடர்ந்தன.

"வளையலை நீயே வச்சுக்கோ கண்ணு," என்றாள் சாமியா, காதைத் தேய்த்தபடி. "இப்பதான் எலியே ஒத்துக்கிச்சே."

ஷாஹிந்தா வளையலைக் கழற்றித் தாமெரின் கையில் வைத்தாள். "எலி சொல்லித்தான் எனக்கு இது கிடைக்கும்னா, வேண்டாம்."

தாமெர் முதல்முறையாக வாயைத் திறந்தான். "எலி கிடக்குது அம்மா! நான் கேக்கறேன். ஷாஹிந்தா, என்னைக் கட்டிக்கிறியா?"

"யோசிச்சுச் சொல்றேன்," என்றாள் அவள்.

எலி பாவம், தன் சொந்த மூக்கைத்தான் நம்பியது. மூக்கோடு மூளையும் வாய்த்த நாம்தான் இரண்டையும் வாடகைக்கு விட்டுவிட்டு வரிசையில் நின்றோம். யோசிப்பேன் என்று சொன்னது அந்தக் கூட்டத்திலேயே அவள் ஒருத்திதான்!