மங்கா அண்ணனும் சுக்குமாரனும்

ஈப்போவிலிருந்து சிம்பாங் பூலாய் வரைக்கும் மங்கா அண்ணனிடம் திட்டு வாங்காத மனிதர் கிடையாது. அப்படி ஒருவர் இருந்தால், அவர் இன்னும் எங்கள் தாமான் குடியிருப்புப் பக்கம் வரவில்லை என்று அர்த்தம்.

மாங்காய் விற்றவர் என்று நினைத்துவிடாதீர்கள். மலாயில் பூட்டுக்கும் 'மங்கா' என்றுதான் பெயர். அண்ணன் இடுப்பு பெல்ட்டில் எந்நேரமும் நாலைந்து மங்கா தொங்கும். அவர் வருகிற சத்தம் தெருமுனையிலேயே கேட்கும்.

எனக்குத் தஞ்சோங் மாலிமுக்கு மாற்றலானதும் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனேன். யாரும் கேட்காமலே அண்ணன் காவலுக்கு வந்துவிட்டார். உள்ளே ஆள் இருப்பதுபோலத் தெரிய வாசலில் இரண்டு சோடி பழைய சிலிப்பர், கொடியில் தன் கைலி. தபால் பெட்டியில் என் பெயரையும் பெயிண்டில் எழுதினார். சுகுமாரனாகிய நான் அன்றோடு சுக்குமாரன் ஆனேன்.

"அண்ணே, ஒரு எழுத்து கூடிப்போச்சு, அழிச்சிடுங்க" என்றேன், லீவில் வந்தபோது.

"தபால்காரன் படிச்சிக்குவான்லா! ஓசியில எழுதினா நொட்டை சொல்றியா?"

அதோடு விட்டாரா? தினமும் காலையில் காலி வீட்டின் முன்னால் நின்று, உள்ளே இல்லாத என்னைத் திட்டுவார். "டேய், எந்திரிச்சிட்டியா? மணி என்னாவுது!" பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் எனக்குப் போன் போட்டார். "தம்பி, நீ எப்ப வந்த? அண்ணே உன்னக் கிழி கிழின்னு கிழிக்கிறாரு."

அண்ணன் காய்ச்சலில் படுத்தது மூன்றே நாள். அதற்குள் ஒருவன் பூட்டை அறுத்து, தன் பூட்டைப் போட்டு, என் கட்டிலில் கால் நீட்டிவிட்டான். ஓடி வந்து கேட்டால், நான் அவனுக்கு வாடகைக்கு விட்டதாக ஒரு பத்திரத்தை என்னிடமே நீட்டுகிறான்! கீழே என் கையெழுத்தாம். போலீசில் சொன்னால், பத்திரம் இருக்கிறதே, கோர்ட்டுக்குப் போ என்றார்கள். என் வீட்டுக்குள் நுழைய நான் கோர்ட்டுக்குப் போக வேண்டுமாம். இப்போது எழுதும்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

மறுநாள் அவன் சாப்பிடப் போன நேரம், அண்ணன் கேட்டில் ஏழு மங்கா போட்டார். திரும்பி வந்தவன் போலீசைக் கூப்பிட்டான். வந்த அதிகாரி ஏழு பூட்டையும் எண்ணிப் பார்த்துவிட்டு, "மங்கா சியாப்பா இனி?" என்றார். யாருடைய பூட்டு இது என்று கேட்டார் மனிதர்.

அண்ணன் நெஞ்சை நிமிர்த்தினார். "சாயாலா மங்கா!" நான்தான் மங்கா!

அந்த அயோக்கியன் அண்ணனைக் கைகாட்டி, "இவன்தான் பென்செரோபோ" என்றான். அத்துமீறி நுழைந்தவன் என்று அர்த்தம். அண்ணன் முகம் மாறிவிட்டது.

"என்னா சொன்ன? ரப்பர் தோட்டத்த வித்தப்ப, நான் பொறந்த லயத்து வீட்டு வாசல்ல இந்த வார்த்தையத்தான் போர்டுல எழுதி நட்டானுங்க! எங்கப்பாவும் தாத்தாவும் பால்மரம் சீவுன எடம்! அன்னிக்கி வாயப் பொத்திக்கிட்டு மூட்டையத் தூக்கிட்டு வந்தேன். இன்னிக்கி முடியாதுலா!"

தெருவே கூடிவிட்டது. அதிகாரி என் அடையாள அட்டையையும், வீட்டு உரிமைப் பத்திரமான கிராண்டையும் வாங்கிப் பார்த்தார். சுகுமாரன். அவனுடைய பத்திரத்தைப் பார்த்தார். சுக்குமாரன். பெயரிலும் கையெழுத்திலும் அதே கூடுதல் எழுத்து. பிறகு மெல்லத் திரும்பி, தபால் பெட்டியைப் பார்த்தார். அடக்க முடியாமல் சிரித்துவிட்டு, அவனை வண்டியில் ஏறச் சொன்னார்.

"பாத்தியா? அழிக்கச் சொன்னியே, அறிவிருக்கா ஒனக்கு?" வீட்டை மீட்டுக் கொடுத்த கையோடு அதற்கும் திட்டு.

நான் மாற்றல் வாங்கி ஊருக்கே திரும்பிவிட்டேன். அண்ணன் போய்ச் சேர்ந்து ஆறு மாதமாகிறது. தெருக்கோடியில் அவர் வீடு பூட்டிக் கிடக்கிறது. சிங்கப்பூரிலிருக்கும் அவர் மகள் வரும்வரை சாவி என்னிடம். வாசலில் என் சிலிப்பர், கொடியில் என் கைலி. தினமும் காலையில் அந்த வாசலில் நின்று கத்துகிறேன்: "அண்ணே, எந்திரிச்சிட்டீங்களா? மணி என்னாவுது!"

பதிலுக்கு ஒரு திட்டுகூட வருவதில்லை. அதுதான் எனக்குக் கோபம்.