ஆரினுக்கு ஈடாக வந்த ஆரின்

ஓஹையோவில் ஹேவர்லி என்னும் சிற்றூரின் பேஸ்பால் கிளப், ஊரின் பரந்த நலனை முன்னிட்டு, தன் பந்தெறியும் ஆட்டக்காரர் ஆரின் டிபெட்ஸைப் பெல்லமி கிளப்புக்குக் கொடுத்துவிட்டது. ஈடாக, 'பெயர் பின்னர் அறிவிக்கப்படும்' ஆட்டக்காரர் ஒருவர் வருவார். அந்த ஆட்டத்தில் இது நெடுநாள் வழக்கம். ஆளை இப்போது வாங்கிக்கொள்ளலாம். பதிலுக்கு யாரைத் தருவது என்பதைச் சாவகாசமாக யோசிக்கலாம். மளிகைக் கடையில் இப்படிக் கேட்டுப் பாருங்கள், தெரியும்.

ஆரினின் மனைவி மார்லீனுக்கு இது பழகிப்போன கூத்து. கல்யாணமான நாளாய் அவன் ஊர் ஊராய்ப் பந்து எறிந்தான், அவள் ஊர் ஊராய்ப் பீங்கான் தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றினாள். இந்தத் தடவை முடியாது என்றுவிட்டாள். ஹேவர்லியில்தான் முதல்முறையாகச் சமையலறை ஜன்னலுக்குத் திரை தைத்து மாட்டியிருந்தாள்.

"நீ போய் எறி. நானும் திரையும் இங்கேதான்."

ஆரினுக்கு வயது முப்பத்தெட்டு, தோள்பட்டைக்கு அறுபது. ஹேவர்லியிலேயே பயிற்சியாளர் வேலை தருவதாக மேலாளர் ஹஃப்மேன் சொல்லியிருந்தார். அது கிடைத்தால் திரை நிலைக்கும்.

ஆரின் மட்டும் பெல்லமிக்குப் போய் எறிந்தான். ஈடாக வருபவர் பெயரை அறிவிக்கவேண்டிய கெடு வந்தது. பெல்லமி கிளப்பில் கொடுக்கத் தோதான ஆள் யாரும் இல்லை. தேடிப் பார்த்து, விதிகளுக்கு முற்றிலும் உட்பட்டு, ஒரு பெயரை அறிவித்தார்கள். ஆரின் டிபெட்ஸ்.

மார்லீன் ஆப்பிள் பை சுட்டாள். ஊர் திரும்பிய அவன் பெட்டியோடு நேரே ஹேவர்லி கிளப் அலுவலகம் போனான். ஹஃப்மேன் புதியவரை முறைப்படி வரவேற்று உயரம் அளக்கச் சொன்னார்.

"நாங்க அனுப்பினவர் ஆறடி ரெண்டு அங்குலம். நீங்க ஆறடிதானே இருக்கீங்க?"

"டிக்கெட் விக்கறதுக்காக ஆறடி ரெண்டுன்னு போட்டது நீங்கதான் சார்."

"அது அவருக்குப் போட்டது."

உடைமாற்றும் அறையில் அவனுடைய பழைய அலமாரியைத் தொடக்கூடாது என்றார்கள். போனவர் நினைவாகக் கயிறு கட்டி வைத்திருந்தார்கள். பயிற்சியாளர் வேலையைப் பற்றி ஆரின் தயங்கித் தயங்கிக் கேட்டான். டிபெட்ஸுக்கென்று ஒதுக்கிய வேலையை வந்தவர் போனவருக்கெல்லாம் கொடுப்பது நியாயமில்லை என்று ஹஃப்மேன் வருத்தத்துடன் தெரிவித்தார். கணினியும் கையுமாய் அங்கே உட்கார்ந்திருந்த பட்டதாரிப் பையன்கள், இருவரையும் வரைபடம் போட்டு ஒப்பிட்டு, இந்தப் பரிமாற்றத்தில் ஹேவர்லி ஏமாந்துவிட்டது என்று நிரூபித்தார்கள்.

ஊர் கொதித்தது. போனவரின் அருமை புரிந்து, அவருக்கு ஒரு விழா எடுத்து, வருகிறவர்களுக்கெல்லாம் தலையாட்டும் ஆரின் பொம்மை கொடுத்தார்கள். அன்றைக்குப் பந்தெறிய அனுப்பப்பட்டது இந்த ஆரின். இரண்டு பந்து மைதானத்துக்கு வெளியே பறந்தது. மூன்றாவது பறப்பதற்குள் பொம்மைகள் உள்ளே பறந்து வந்தன.

"பழைய ஆள் இருந்திருந்தா இப்படி நடக்குமா?" என்றாள் மார்லீனுக்குப் பக்கத்து இருக்கைக்காரி டோலரஸ், பொம்மையைக் குறிபார்த்துக்கொண்டே.

மார்லீன் தன் பொம்மையை எறியவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து ஜன்னலோரம் வைத்தாள். அது எதைச் சொன்னாலும் தலையாட்டியது. சோபாவில் கிடந்தவன் குறட்டை விட்டான். அவள் உலுக்கி எழுப்பினாள்.

"குப்பையை வெளியே வெச்சியா?"

"மறந்துட்டேன்."

பெல்லமியிலிருந்து தினமும் சாயங்காலம் போன் செய்தவன் எவ்வளவு இதமாகப் பேசினான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் கிளப் மக்கள் குரலுக்குத் தலைவணங்கியது. பழைய டிபெட்ஸை எப்பாடுபட்டாவது மீட்பதென்று முடிவாயிற்று. அதற்காக இந்த டிபெட்ஸைப் பெல்லமிக்குக் கொடுப்பது. ஈடாக வருபவர் பெயர் பின்னர் அறிவிக்கப்படும். ஊரே கைதட்டியது.

ஆரின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றான். போகாதே என்று அவள் ஒரு வார்த்தை சொல்வாள் என்று பார்த்தான். மார்லீன் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

"போனதும் அவனைச் சீக்கிரம் அனுப்பி வெக்கச் சொல்லு. திரையெல்லாம் துவைச்சு மாட்டிட்டேன்."